ஆறும் வேகமும் அரிப்பும்: இன்கோனல் 718-இல் சோதனை செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

"சார், உலையிலேயே ஆறவிட்ட துண்டு கெட்டியாக இருக்கிறது, தண்ணீரில் போட்டது மென்மையாக இருக்கிறது. அடையாளம் மாறிவிட்டது போல." ஏறக்குறைய ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு மாணவர் இப்படி வந்து நிற்பார். அடையாளம் மாறியிருக்காது. வேகமாக ஆறினால் கெட்டியாகும் என்று எஃகில் படித்ததை, இன்கோனல் 718 என்ற நிக்கல் சூப்பர் அலாய்க்கும் (அதிகச் சூட்டிலும் பலம் குறையாத நிக்கல் கலப்புலோகம்) பொருத்திப் பார்த்ததுதான் சிக்கல்.

718 கம்பியை வெவ்வேறு வேகத்தில் ஆறவிட்டு, உள்ளே நுண்கட்டமைப்பு எப்படி மாறுகிறது, உப்புநீரில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கப் போகிறவர்களுக்கானது இது. படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். நான் பார்த்த தவறுகளில் பாதி, சரியான வேலையை முன்பின்னாகச் செய்ததால் வந்தவை.

1. எந்த ஆறுதல் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

'ஆறும் வேகம்' என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, உருகிய உலோகம் உறையும்போது ஆறுவது. மற்றது, திடமான துண்டை உலையில் சூடாக்கி வெளியே எடுத்து ஆற்றுவது.

உறையும்போது மெதுவாக ஆறினால் நயோபியம் கடைசியாக உறையும் திரவத்தில் சேர்ந்துகொண்டே போய், டென்ட்ரைட் (மரம் போலக் கிளைவிட்டு வளரும் படிகம்) கிளைகளுக்கு நடுவில் லேவ்ஸ் என்ற நொறுங்கும் ஃபேஸாக (தனிச் சேர்மானமும் படிக அமைப்பும் உள்ள பகுதி) உறைகிறது. வார்ப்பிலும் வெல்டிலும் இதுதான் தலைவலி. உலோகப் பொடியை லேசரால் உருக்கி அடுக்கும் லேசர் பவுடர் பெட் அச்சில் வேகம் வினாடிக்கு லட்சக்கணக்கான டிகிரி என்பதால் அதே லேவ்ஸ் மிக நுண்ணியதாக, ஒரு மைக்ரான் அளவுள்ள செல்களின் விளிம்பில் வரும்.

இந்த வழிகாட்டி இரண்டாவது வகைக்கு மட்டும். வார்ப்போ அச்சிட்ட துண்டோ உங்கள் கையில் இருந்தால், முதலில் 1095 டிகிரி செல்சியஸை ஒட்டி ஹோமோஜெனைஸ் செய்துவிட்டு (சேர்மானம் எங்கும் சமமாகும்படி சூட்டில் வைத்துவிட்டு) இங்கே வாருங்கள். அவசரப்பட்டு நேராக 1160-க்கு மேலே ஏற்றினால் லேவ்ஸ் இருந்த இடமே உருக ஆரம்பித்துவிடும்.

2. நயோபியம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

718-இல் நயோபியம் சுமார் 5 சதவீதம். ஆறும் வேகம் செய்வதெல்லாம் இந்த 5 சதவீதம் எங்கே உட்காரும் என்று தீர்மானிப்பதுதான். அரிப்பைப் பற்றி எழுதும் ஒவ்வொரு வாக்கியத்தையும் இதோடு கட்டிவையுங்கள்.

வேகமாக ஆறினால் அது காமா என்ற தாய் ஃபேஸிலேயே கரைந்து நிற்கும். 700 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் நேரம் கிடைத்தால் காமா டபுள் பிரைம் என்ற தட்டு வடிவ நுண்வீழ்படிவாக வரும். 718-க்குப் பலம் தருவது முக்கியமாக இதுதான், கூடவே கொஞ்சம் காமா பிரைம் என்ற இன்னொரு நுண்வீழ்படிவு. 900 டிகிரியை ஒட்டி நேரம் கிடைத்தால் டெல்டாவாக வரும். டெல்டாவும் காமா டபுள் பிரைமும் ஒரே சேர்மானம்தான், மூன்று நிக்கலுக்கு ஒரு நயோபியம். படிக அமைப்புதான் வேறு. டெல்டா பலம் தராது. கிரெய்ன் எல்லையில் (இரண்டு படிகத் துகள்கள் சந்திக்கும் கோட்டில்) ஊசி ஊசியாக உட்கார்ந்து, சுற்றியுள்ள இடத்திலிருந்து நயோபியத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

இப்போது அந்த மாணவரின் குழப்பம் தீர்ந்துவிடும். உலையோடு ஆறும் துண்டு நிமிடத்துக்கு 2 டிகிரி இறங்கினால் 760-இலிருந்து 620-க்கு வர 70 நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் அதற்கு ஓசியில் ஓர் ஏஜிங் (நடுத்தரச் சூட்டில் வைத்து வீழ்படிவை வரவழைப்பது) நடந்துவிடுகிறது. அதனால்தான் கெட்டியாகிறது. தண்ணீரில் போட்டதில் எல்லாம் கரைந்தே கிடப்பதால் அது மென்மையாக இருக்கிறது.

இன்னொன்று. காமா டபுள் பிரைம் சோம்பேறி, வர நேரமெடுக்கும். அதனால் 718-ஐக் காற்றில் ஆறவிட்டாலே அதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். காமா பிரைம் 40 சதவீதத்தை ஒட்டி இருக்கும் டிஸ்க் அலாய்களில் (டர்பைன் வட்டுக்கான நிக்கல் அலாய்கள்) இது நடக்காது. அங்கே தண்ணீரில் போட்டாலும் காமா பிரைம் வந்தே தீரும். வேகம் அதன் அளவை மட்டும்தான் மாற்றும்: வேகமென்றால் நுண்ணியது, மெதுவென்றால் பருமனானது, நடுவில் இரண்டு மூன்று அளவுகள் கலந்து வரும். அந்த அலாய்களின் கட்டுரையைப் படித்துவிட்டு 718-க்கு முடிவு எழுதாதீர்கள்.

3. பொருளும் சான்றிதழும்

ஒரே ஹீட் (ஒரே தடவையில் உருக்கிய தொகுதி) எண்ணுள்ள ஒரே கம்பியிலிருந்து எல்லாத் துண்டுகளையும் எடுங்கள். 718-க்கு நயோபியம் 4.75 முதல் 5.50 வரை இருக்கலாம் என்கிறது வரையறை. இரண்டு ஹீட்டுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசமே நீங்கள் தேடும் வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

சான்றிதழில் வேதிச் சேர்மானத்தோடு, கம்பி எந்த நிலையில் வந்திருக்கிறது என்றும் பாருங்கள்: சொல்யூஷன் (அதிகச் சூட்டில் வைத்து வீழ்படிவுகளைக் கரைப்பது) மட்டும் செய்ததா, ஏஜிங்கும் ஆனதா? ஏஜிங் ஆன கம்பியைச் சாதாரண ஹெச்எஸ்எஸ் ட்ரில்லால் துளைக்கப் போனால் ட்ரில்தான் தேயும்.

20 மி.மீ. விட்டம் வசதியானது. அதைவிடப் பெரிதானால் தண்ணீரில் போடும்போது நடுவும் ஓரமும் இரண்டு வேறு சோதனைகளாகிவிடும்.

4. வெட்டுவது, குறியிடுவது

ஒயர் கட்டில் (மின்பொறியால் கம்பி கொண்டு வெட்டும் இயந்திரம்) வெட்டலாம். ஆனால் அது விட்டுப்போகும் உருகி உறைந்த மேல்தோலில் பித்தளைக் கம்பியின் செம்பும் துத்தநாகமும் ஒட்டியிருக்கும். உலைக்குள் போகும் முன்பே அதைத் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

எண்ணெய், கிரீஸ், பெயின்ட் மார்க்கர் எதுவும் துண்டின் மேல் இருக்கக் கூடாது. கந்தகம், ஈயம், துத்தநாகம் மூன்றும் சூட்டில் நிக்கல் அலாயின் கிரெய்ன் எல்லைக்குள் புகுந்து அதைக் கெடுக்கும். அடையாளத்துக்கு ஓரத்தில் அரத்தால் வெட்டு போடுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அசிங்கமாகத் தெரியும், ஆனால் 1050 டிகிரியிலும் அழியாது.

கம்பியின் நீளவாக்கில் கார்பைடுகள் வரிசை கட்டி நிற்கும். டெல்டாவும் பட்டை பட்டையாக வரும். எனவே எல்லாத் துண்டிலும் ஒரே முகத்தைச் சோதியுங்கள். ஒன்றில் குறுக்கு வெட்டு, மற்றதில் நீளவெட்டு என்று கலந்தால் அப்புறம் எதையும் ஒப்பிட முடியாது.

5. முதல் நாள் டம்மி, மறுநாள் சாம்பிள்

ஒவ்வொரு சாம்பிளிலும் துளை போட வேண்டாம். அதே அளவில் ஒரு டம்மித் துண்டு எடுத்து, நடுவரை 2 மி.மீ. துளை போட்டு, 1.5 மி.மீ. உறையுள்ள கே வகைத் தெர்மோகப்பிளை (வெப்பநிலை அளக்கும் கம்பி) செருகுங்கள். நுனி அடியைத் தொட வேண்டும். இல்லையென்றால் நீங்கள் அளப்பது துளைக்குள் இருக்கும் காற்றை.

தண்ணீர், காற்று, போர்வை, உலை என்ற நான்கு வழிகளிலும் (7-ஆம் படியில் வரும்) முதலில் டம்மியை மட்டும் ஆற்றி, வெப்பநிலை-நேர வளைகோட்டைச் சேமியுங்கள். சாம்பிள்கள் மறுநாள். எதில் கை நடுங்குகிறது, எந்த இடுக்கி சின்னது, வாளி எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் டம்மியிலேயே தெரிந்துவிடும்.

தண்ணீரில் போடும் வழிக்கு வினாடிக்குப் பத்து தடவையாவது பதிவு செய்யும் லாகர் தேவை. வினாடிக்கு ஒருமுறை மாறும் டிஸ்ப்ளேவை வீடியோ எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு மொத்தமே நாலைந்து புள்ளிகள்தான் கிடைக்கும்.

6. உலை வெப்பநிலையும் நேரமும்

718-இன் டெல்டா முழுவதும் கரையும் எல்லை, சேர்மானத்தைப் பொறுத்து, ஏறக்குறைய 1010 முதல் 1030 டிகிரி. ஏஎம்எஸ் 5662 என்ற விமானத்துறை வரையறை சொல்லும் 941–1010 டிகிரி சொல்யூஷன் இதற்குக் கீழே இருக்கிறது. அது வேண்டுமென்றேதான்: கொஞ்சம் டெல்டா மிஞ்சியிருந்தால் கிரெய்ன் வளராமல் பிடித்து வைக்கும்.

ஆறும் வேகத்தின் விளைவு மட்டும் வேண்டும் என்றால் அந்த வெப்பநிலை உங்களுக்கு உதவாது. கம்பியோடு வந்த பழைய டெல்டாவும் நீங்கள் ஆற்றியதில் வந்த புது டெல்டாவும் படத்தில் ஒன்றாகக் கலந்துவிடும். 1050 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, டெல்டா இல்லாத நிலையிலிருந்து தொடங்குங்கள். கிரெய்ன் வளரும், வளரட்டும். எல்லாத் துண்டிலும் ஒரே அளவு வளர்ந்தால் போதும்.

நேரத்தை, துண்டு 1050-ஐத் தொட்டதிலிருந்து எண்ணுங்கள். உலையின் டிஸ்ப்ளே 1050 காட்டுவதும் துண்டின் நடு 1050 ஆவதும் ஒரே கணத்தில் நடப்பதில்லை. எத்தனை நிமிடம் பின்தங்குகிறது என்று டம்மி சொல்லும்.

7. நான்கு வழிகளில் ஆற்றுவது

எல்லோரும் எடுக்கும் பட்டியல் தண்ணீர், எண்ணெய், காற்று, உலை. அதில் எண்ணெயை விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. 718-க்குத் தண்ணீரும் காற்றும் இரண்டுமே டெல்டாவைத் தவிர்க்கப் போதுமான வேகம். நடுவில் எண்ணெய் புதிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. கதை நடப்பது மெதுவான பக்கத்தில், அங்கே கூடுதலாக ஒரு புள்ளி வையுங்கள்: செராமிக் ஃபைபர் போர்வையில் சுற்றி ஆறவிடுவது.

அடுப்புச் சாம்பலில் புதைக்கலாமா என்று கேட்பார்கள். பட்டறையில் வார்ப்பிரும்புக்குச் செய்வது சரி, இங்கே வேண்டாம். சாம்பலில் இருக்கும் உப்புகள் சூடான நிக்கலோடு விளையாடும். அப்புறம் நீங்கள் பார்ப்பது சாம்பலின் அரிப்பாகிவிடும்.

ஒரே உலையில் நான்கையும் வைத்தால் வெளியே எடுக்கும் வரிசை இது: தண்ணீர், காற்று, போர்வை, கடைசியில் உலை. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் மீதித் துண்டுகள் குளிரும். கதவை மூடி, வெப்பநிலை திரும்பி வந்து, பத்து நிமிடம் நின்ற பிறகே அடுத்ததை எடுங்கள். உலையோடு ஆறப்போகும் துண்டுக்கும் அதே பத்து நிமிடம் கொடுத்துவிட்டுத்தான் இறங்குமுக நிரலைத் தொடங்க வேண்டும். ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போனால் முதலில் வேகமாகவும் பிறகு ஆமை போலவும் இறங்கும். நிரலில் நிமிடத்துக்கு 2 டிகிரி என்று போடுங்கள்.

தண்ணீருக்கு: வாளி உலைக்குப் பக்கத்தில், குறைந்தது பத்து லிட்டர், துண்டைப் போட்டதும் அசைத்துக்கொண்டே இருங்கள். சும்மா விட்டால் துண்டைச் சுற்றி நீராவிப் போர்வை உருவாகி ஆறுதலைத் தாமதப்படுத்தும். முகக் கவசம் கட்டாயம்.

காற்றுக்கு: தரையிலோ இரும்புத் தட்டிலோ வைக்காதீர்கள், தட்டு ஒரு பக்கச் சூட்டை உறிஞ்சும். கம்பி வலை மேல் வையுங்கள். ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். ஒரு தடவை காலையில் செய்ததும் மாலையில் செய்ததும் ஒத்துவராமல் மண்டையை உடைத்துக்கொண்டோம். மாலையில் யாரோ சீலிங் ஃபேனைப் போட்டிருந்தார்கள்.

8. வேகத்தை எப்படி எழுதுவது

'காற்றில் ஆற்றியது' என்று மட்டும் எழுதினால் அது வேகம் ஆகாது. 'வினாடிக்கு 5 டிகிரி' என்றாலும் பாதிதான், எந்த வெப்பநிலையில் என்ற கேள்வி மிச்சம் நிற்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 டிகிரியில் துண்டு சூட்டை இழப்பது பெரும்பாலும் கதிர்வீச்சால். 20 மி.மீ. விட்டமுள்ள நீளமான கம்பிக்கு அந்த இடத்தில் வினாடிக்கு ஏறக்குறைய 5 டிகிரி வருகிறது. 700-க்கு வரும்போது கதிர்வீச்சு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து, வேகம் 2-க்கும் கீழே போய்விடுகிறது. ஒரே துண்டு, ஒரே காற்று, இரண்டு வேகம்.

எனவே இரண்டு எண்களைக் கொடுங்கள். 1000 முதல் 850 வரையான சராசரி டெல்டாவுக்கு. 760 முதல் 620 வரையான சராசரி காமா டபுள் பிரைமுக்கு. காற்றில் முதல் இடைவெளியைக் கடக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. உலையில் நிமிடத்துக்கு 2 டிகிரி என்றால் 75 நிமிடம். டெல்டா ஏன் ஒன்றில் வந்தது, மற்றதில் வரவில்லை என்பதற்கு இந்த இரண்டு எண்ணே பதில்.

தண்ணீரில் போட்டதில் மேற்பரப்பின் வேகமும் நடுவின் வேகமும் ரொம்பவே வேறுபடும். 718-இன் வெப்பக் கடத்துதிறன் அறை வெப்பநிலையில் மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 11 வாட்டை ஒட்டி, செம்பில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. உள்ளே இருக்கும் சூடு வெளியே வரத் திணறும். தோல் கறுத்த பிறகும் நடு சிவந்தே இருக்கும். இந்த அளவுத் துண்டில் நடுவின் வேகம் வினாடிக்குச் சில பத்து டிகிரி என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஏதோ பாடப்புத்தகத்தில் பார்த்த ஆயிரத்தை எழுதிவிடாதீர்கள்.

9. ஏஜிங்: செய்வதா, விடுவதா

இதை முதலிலேயே முடிவு செய்து, துண்டுகளை இரண்டு பங்காக எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஒரு பங்கு ஆறிய நிலையிலேயே, மறு பங்கு ஏஜிங் செய்து.

காரணம் எளிது. 718-ஐ யாரும் ஆறிய நிலையில் டர்பைனிலோ எண்ணெய்க் கிணற்றிலோ போடுவதில்லை. 718 டிகிரியில் 8 மணி நேரம், மணிக்கு 55 டிகிரி வீதம் 621-க்கு இறக்கி, மொத்தம் 18 மணி நேரம் ஆகும்வரை வைப்பதுதான் வழக்கமான ஏஜிங். அதைச் செய்ததும் தண்ணீர், காற்று இரண்டின் கடினத்தன்மையும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். உலையில் ஆறியதில் மட்டும் டெல்டா அப்படியே நிற்கும். அதில் சிக்கிய நயோபியம் ஏஜிங்குக்குக் கிடைக்காது. நிலைத்து நிற்கும் விளைவு எது, ஏஜிங்கில் காணாமல் போகும் விளைவு எது என்பது இப்படித்தான் பிரியும்.

10. தோலை உரியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள்தான் அதிகம். தவறான முடிவுக்கு வந்தவர்களும் அவர்கள்தான்.

காற்றுள்ள உலையில் 1050 டிகிரியில் குரோமியம் வெளியே வந்து ஆக்சைடாகிறது. அதற்குக் கீழே சில மைக்ரான் ஆழத்துக்குக் குரோமியம் குறைந்த அடுக்கு ஒன்று மிஞ்சும். உப்புநீரில் அந்த அடுக்கு மோசமாக நடந்துகொள்ளும். இதில் விஷயம் என்னவென்றால், மெதுவாக ஆறும் துண்டு சூட்டில் அதிக நேரம் இருப்பதால் அதில் இந்த அடுக்கும் ஆழமாக இருக்கும். கறுப்பு போகும்வரை மட்டும் தேய்த்துவிட்டு அரிப்பை அளந்தால், 'மெதுவாக ஆறியது அதிகம் அரிக்கிறது' என்று அழகான வரிசையில் விடை வரும். அது டெல்டாவால் வந்ததல்ல, தோலால் வந்தது.

ஆசிட்டில் ஊறவைத்து எடுப்பதும் தீர்வாகாது. ஆறிய துண்டை நடுவில் குறுக்காக வெட்டி, உள்முகத்தைச் சோதியுங்கள். அந்த முகம் டம்மியில் தெர்மோகப்பிள் நுனி இருந்த அதே உயரத்தில் இருந்தால், நீங்கள் எழுதிய வேகமும் நீங்கள் பார்க்கும் இடமும் ஒன்றாகிவிடும்.

11. கடினத்தன்மை, அப்புறம் நுண்ணோக்கி

முதலில் விக்கர்ஸ் கடினத்தன்மைச் சோதனை. பத்து நிமிட வேலை, ஆனால் ஏதாவது கோளாறு இருந்தால் இங்கேயே மாட்டும். ஏஜிங் செய்யாத தண்ணீர்த் துண்டு இருநூறு சொச்சத்தில் இருக்க வேண்டும், முழு ஏஜிங் ஆனது நானூறைத் தாண்ட வேண்டும். தண்ணீர்த் துண்டே முந்நூறு காட்டினால், அது உலையில் சொல்லிய வெப்பநிலையை எட்டவில்லை, அல்லது பாலிஷுக்கு முன் அழுத்தித் தேய்த்ததில் மேற்பரப்பு இறுகிவிட்டது. 718 தேய்க்கத் தேய்க்க இறுகும் ஜாதி. ஒவ்வொரு எமரி தாளிலும் முந்தையதின் கீறல் போன பிறகும் இன்னும் அவ்வளவு நேரம் தேய்க்க வேண்டும்.

எட்சுக்கு (நுண்கட்டமைப்பு தெரியும்படி மேற்பரப்பை ஆசிட்டால் லேசாக அரிப்பது) நீரில்லாத காலிங்ஸ் போதும்: 5 கிராம் குப்ரிக் குளோரைடு, 100 மில்லி ஹைட்ரோகுளோரிக் ஆசிட், 100 மில்லி எத்தனால். கிரெய்ன் எல்லை தெரியும். டெல்டாவைத் தனியே காட்ட 10 சதவீத ஆக்சாலிக் ஆசிட்டில் சில வினாடி மின்எட்ச் நன்றாக வேலை செய்யும். கிளிசரீஜியா (கிளிசரின், ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் ஆசிட் கலவை) பயன்படுத்துவதானால் அவ்வப்போது கலந்து, உடனே கொட்டிவிடுங்கள். மூடி போட்டு அலமாரியில் வைத்தால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும்.

எஸ்இஎம்மில் (ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி) பேக்ஸ்கேட்டர் படம் எடுங்கள், அதில் கனமான தனிமம் உள்ள இடம் வெளிச்சமாக வரும். நயோபியம் கனமானது, அதனால் டெல்டாவும் கார்பைடும் வெளிச்சமாகத் தெரியும். உருண்டையாகவோ கட்டியாகவோ தனித்து இருந்தால் நயோபியம் கார்பைடு. கிரெய்ன் எல்லையிலிருந்து ஊசியாக உள்ளே நீண்டால் டெல்டா. காமா டபுள் பிரைம் பத்து இருபது நானோமீட்டர் சமாச்சாரம், சாதாரண எஸ்இஎம்மில் தேடாதீர்கள். அது வந்ததற்குச் சாட்சி கடினத்தன்மைதான். இன்னும் வேண்டுமென்றால் டிஇஎம்முக்கு (ஊடுருவும் எலக்ட்ரான் நுண்ணோக்கி) போகணும்.

எக்ஸ்-கதிரால் தனிமங்களை அளக்கும் இடிஎஸ்ஸில் இரண்டு பள்ளங்கள். ஒன்று, டெல்டா ஊசியின் தடிமன் ஒரு மைக்ரானில் ஒரு பகுதிதான். 20 கிலோவோல்ட்டில் எலக்ட்ரான் கற்றை ஒரு மைக்ரான் அளவுக்குப் பரவும். நீங்கள் அளப்பதில் பாதிக்கு மேல் பக்கத்துக் காமா. அந்த எண்ணை வைத்து 'டெல்டாவில் இவ்வளவு நயோபியம்' என்று எழுத முடியாது. இரண்டு, மாலிப்டினமும் கந்தகமும் ஸ்பெக்ட்ரத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் வரும். மென்பொருள் 'கந்தகம்' என்று காட்டியதை நம்பி, கிரெய்ன் எல்லையில் கந்தகம் சேர்ந்தது என்று ஒரு அத்தியாயமே எழுதியவரைப் பார்த்திருக்கிறேன். அது மாலிப்டினம்.

12. அரிப்புச் சோதனைக்கான ஏற்பாடு

எந்த அரிப்பு என்பதையும் இங்கே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உப்புநீரில் குழி அரிப்பு வேறு. சோடியம் சல்ஃபேட் உருகிப் படிந்து 700, 900 டிகிரியில் தின்னும் சூட்டு அரிப்பு வேறு. முன்னதில் பாதுகாப்பது சில நானோமீட்டர் தடிமனுள்ள பாசிவ் படலம் (தானாக உருவாகி அரிப்பைத் தடுக்கும் ஆக்சைடுப் படலம்), பின்னதில் தடிமனான ஆக்சைடு. ஒன்றின் விடையை மற்றதுக்கு மாற்ற முடியாது. நாம் பேசுவது உப்புநீர்.

மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் ஏஎஸ்டிஎம் ஜி61 முறையைப் பின்பற்றுங்கள். நிக்கல் அலாய்களையும் மனதில் வைத்து எழுதப்பட்டது அது. 34 கிராம் சோடியம் குளோரைடை 920 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, 25 டிகிரியில் வைத்து, நைட்ரஜன் விட்டு ஆக்சிஜனை வெளியேற்றி, சாம்பிளை ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மின்னழுத்தத்தை மணிக்கு 0.6 வோல்ட் வேகத்தில் ஏற்றுங்கள். அவசரத்துக்குப் பத்து மடங்கு வேகமாக ஏற்றினால் வளைகோடு வழவழப்பாக வரும், ஆனால் மின்னோட்டத்தில் ஒரு பங்கு மேற்பரப்பின் மின்தேக்கத்துக்கே போய்விடும்.

எப்பாக்சியில் பொதித்த சாம்பிள்தான் இங்கே பெரிய எதிரி. எப்பாக்சிக்கும் உலோகத்துக்கும் நடுவில் மயிரிழை இடுக்கு இருந்தாலே அதற்குள் இடுக்கு அரிப்பு தொடங்கும். நீங்கள் அதைக் குழி அரிப்பு என்று எழுதுவீர்கள். ஓரத்தை லாக்கர் பூசி மூடுங்கள். வெளியே தெரியும் பரப்பை அதற்குப் பிறகு அளங்கள், முன்னால் அல்ல.

பாலிஷ் முடிந்ததிலிருந்து கரைசலில் இறக்கும்வரை எல்லாச் சாம்பிளுக்கும் ஒரே இடைவெளி கொடுங்கள். காற்றிலேயே பாசிவ் படலம் வளர்ந்துகொண்டிருக்கும். திங்களன்று பாலிஷ் செய்ததையும் வெள்ளியன்று செய்ததையும் ஒரே நாளில் ஓட்டினால் அதுவே ஒரு வித்தியாசம்.

எந்த ரெஃபரன்ஸ் மின்முனையை (மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்கும் மின்முனை) வைத்து அளந்தது என்று ஒவ்வொரு வரைபடத்திலும் எழுதுங்கள். கேலோமெல், வெள்ளி-வெள்ளி குளோரைடு, இரண்டும் நிறைவுற்ற கரைசலில் சுமார் 45 மில்லிவோல்ட் வேறுபடும். ஒவ்வொரு நிலைக்கும் மூன்று தடவை குறைந்தபட்சம், ஐந்து என்றால் நிம்மதி.

13. வளைகோட்டைப் படிப்பது

இதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். 718 அறை வெப்பநிலை உப்புநீரில் சுலபத்தில் குழி விழும் அலாய் இல்லை. மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் மின்னோட்டம் திடீரென்று உயரும். உடனே 'குழி அரிப்பு மின்னழுத்தம்' என்று அம்புக்குறி போட்டுவிடுவார்கள். படலத்தில் இருக்கும் குரோமியம் குரோமேட்டாகக் கரையத் தொடங்கினாலும் மின்னோட்டம் இப்படித்தான் உயரும். அது மேற்பரப்பு முழுவதும் நடப்பது, குழி அல்ல.

இரண்டையும் பிரிக்க வழி திரும்பும் பாதை. மின்னழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு வரும்போது மின்னோட்டம் ஏறிய பாதையிலேயோ அதற்கு உள்ளேயோ இறங்கினால் குழி இல்லை. ஏறியதைவிட அதிகமாகவே இருந்து, பெரிய வளையம் போட்டுத் தாமதமாக மூடினால் குழியோ இடுக்கோ உண்டு. எது என்பதை நுண்ணோக்கிதான் சொல்லும்.

டாஃபெல் கோடு போட்டு (வளைகோட்டின் கிளைகளை நேர்கோடாக நீட்டி) அரிப்பு வேகம் கணக்கிடுவதும் இங்கே ஒட்டாது. பாசிவான உலோகத்தின் மேல்பக்கக் கிளை நேர்கோடே அல்ல, மென்பொருள் எங்கேயாவது ஒரு கோட்டைப் போட்டுத்தான் தரும். பாசிவ் பகுதியில் ஒரே மின்னழுத்தத்தில் மின்னோட்ட அடர்த்தியை எடுத்து ஒப்பிடுங்கள்.

தண்ணீர்த் துண்டுக்கும் உலைத் துண்டுக்கும் வித்தியாசம் சின்னதாகத்தான் வந்தது என்றால் பயப்பட வேண்டாம். 25 டிகிரி உப்புநீர் 718-க்கு ரொம்ப லேசான சோதனை. அதை அப்படியே எழுதிவிட்டு, கடுமையைக் கூட்டுங்கள்: கரைசலைச் சூடாக்குங்கள், அல்லது ஏஎஸ்டிஎம் ஜி48-இன் 6 சதவீத ஃபெரிக் குளோரைடில் 72 மணி நேரம் ஊறவிட்டு எடை இழப்பைப் பாருங்கள்.

விளக்கம் எழுதும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலிருந்து கடன் வாங்காதீர்கள். 'மெதுவாக ஆறியதால் குரோமியம் கார்பைடு வந்தது, பக்கத்தில் குரோமியம் குறைந்தது' என்ற கதை 304-க்கும் அலாய் 600-க்கும் சரி. 718-இல் கார்பனைப் பெரும்பாலும் நயோபியம் முன்பே பிடித்துக்கொள்கிறது. இங்கே கேட்க வேண்டிய கேள்வி, டெல்டாவைச் சுற்றி நயோபியம் குறைந்த இடமும் நயோபியம் நிறைந்த ஊசியும் ஒட்டி நிற்கும்போது கிரெய்ன் எல்லை தனியாகத் தாக்கப்படுகிறதா என்பதுதான்.

டெல்டாவின் சேதம் பளிச்சென்று தெரிவது ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில். கடலடி எண்ணெய்க் கிணற்றில் கத்தோடிக் பாதுகாப்பால் (அரிப்பைத் தடுக்க மின்னோட்டம் கொடுப்பது) ஹைட்ரஜன் உள்ளே போகும், விரிசல் டெல்டா ஊசியின் ஓரத்தில் தொடங்கி கிரெய்ன் எல்லையோடு ஓடும். அதனால்தான் எண்ணெய்த் துறையின் ஏபிஐ 6ஏசிஆர்ஏ வரையறை 1021–1052 டிகிரியில் சொல்யூஷன் செய்து வேகமாக ஆற்றச் சொல்கிறது. கிரெய்ன் எல்லையில் டெல்டா தொடர்ச்சியாக இருந்தால் அந்தப் பொருளையே நிராகரிக்கிறது. உங்கள் ஆய்வு எண்ணெய் எரிவாயுத் துறைக்கு என்றால், உப்புநீர் வளைகோட்டோடு நிறுத்தாமல் ஹைட்ரஜன் ஏற்றி மெதுவாக இழுக்கும் சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

14. சோதித்த சாம்பிளைத் தூக்கிப் போடாதீர்கள்

வளைகோடு கிடைத்ததும் சாம்பிளைக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்ததை மாட்டுவது வழக்கமாகிவிட்டது. காய்ச்சி வடித்த நீரிலும் எத்தனாலிலும் கழுவி, உலர்த்தி, லாக்கரை எடுத்துவிட்டு, முதலில் ஓரத்தைப் பாருங்கள். லாக்கருக்கு அடியில் தாக்குதல் இருந்தால் அந்த ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், எவ்வளவு அழகான வளைகோடாக இருந்தாலும் சரி.

பிறகு குழிகளை எஸ்இஎம்மில் தேடுங்கள். தண்ணீர்த் துண்டில் குழி கார்பைடு அல்லது டைட்டானியம் நைட்ரைடு பக்கத்தில் இருக்கிறதா? உலைத் துண்டில் கிரெய்ன் எல்லையோடு வரிசையாக இருக்கிறதா? பத்துக் குழிகளையாவது எண்ணி, எத்தனை எங்கே என்று எழுதுங்கள்.

சாம்பிளைத் தேதியும் வெட்டுக் குறியும் எழுதிய உறையில், சிலிக்கா ஜெல்லோடு போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து ரெஃபரி கேட்கும் படம் பெரும்பாலும் நீங்கள் எடுக்காத ஒன்றாகத்தான் இருக்கும்.